பின்பாரம்

அன்புள்ள தம்பிக்கு,

நல்லூர்க் கொடியேறின அன்று காலையில் நீ ஒரு படம் அனுப்பி, "அப்பா, ட்ரெயிலர் கொழுவினால் வண்டி பின்னுக்குப் பதியுது, பின் வில்லுக்கு உதவியாய் எயார் பாக், அந்தக் காற்றுப் பை, போடுறதோ, வில்லுத் தகடு கூடப் போடுறதோ?" என்று கேட்டிருந்தாய். நான் கோயிலுக்கு வெளிக்கிட்ட அவசரத்தில், "ஒரு தகடு கூடப் போடு, இழுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். தேரும் முடிந்தது, தீர்த்தமும் முடிந்தது, புரட்டாதிச் சனியிலும் மூன்று போய்விட்டது. அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு சொல் இல்லை. அம்மா எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்து போனைப் பார்க்கிறா, வைத்துவிடுகிறா. உனக்கு வேலைப்பளு என்று தெரியும், குறை சொல்லவில்லை. அன்று நான் சொன்ன பதில் பிழை. அதைத் திருத்தத்தான் எழுதுகிறேன்.

அந்தப் படத்தைத் தங்கச்சியின் மகன் எனக்குப் பெரிதாக்கிக் காட்டினான். முன் மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையில் வெளிச்சம் தெரிகிறது. பின்னுக்கு அந்த இடைவெளி இல்லை. முன் லைற் இரண்டும் வானத்தைப் பார்க்கின்றன. கண்ணாடிக்குள்ளால் பின் சீற்றும் தெரிகிறது. ஒரு தலையணையும் மடிக்காத போர்வையும் கிடக்கின்றன. சின்னவளின் இருக்கையைக் காணவில்லை. கழுவக் கழற்றியிருப்பாய்.

சரி, வண்டிக்கு வருகிறேன். பின்பக்கம் பதிந்தால் முன்சில்லில் இருக்க வேண்டிய பாரம் குறைந்துபோகும். ஸ்ரியரிங் இலேசாகும். பிறேக் பிடிக்கும்போது வேலை செய்ய வேண்டியது முன்சில்லுத்தான், அது நிலத்தை இறுக்கிப் பிடிக்காது. எதிரே வருகிறவனுக்கும் கண் கூசும். எயார் பாக் போட்டால் பின்பக்கம் உயரும், பார்வைக்கு வண்டி மட்டமாக நிற்கும். ஆனால் முன்சில்லில் இருந்து போன பாரம் அதனால் திரும்பி வராது. அதற்கு இரண்டு பக்கமும் தண்டு வைத்த, பாரத்தைப் பகிர்கிற கொழுவி வேண்டும். அது பாரத்தில் ஒரு பங்கை முன் அச்சுக்கும் இன்னொரு பங்கை ட்ரெயிலர் அச்சுக்கும் தள்ளும். முதலில் அது இருக்கிறதா என்று பார்.

அதற்கும் முதல் பார்க்க வேண்டியது பாரம் ஏற்றின விதம். அப்பு வண்டில் கட்டும்போது சொல்வார், முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து முறியும், பின்பாரம் கூடினால் நுகம் மேலே கிளம்பும் என்று. உன்னுடையதும் அதேதான். 10,000 இறாத்தல் ட்ரெயிலர் என்றால் கொழுவியில் 1,000 முதல் 1,500 இறாத்தல் வரை இறங்க வேண்டும். நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து. கூடினால் வண்டி பதியும். குறைந்தால் நெடுஞ்சாலையில் ட்ரெயிலர் வால் ஆட்டத் தொடங்கும், அதை எந்த ஸ்பிரிங்கும் நிறுத்தாது. படத்தில் ட்ரெயிலரில் மண்வெட்டும் மெசின் நன்றாக முன்னுக்கு நிற்கிறது போல எனக்குப் பட்டது. ஓரடி பின்னுக்கு எடுத்துக் கட்டி, தராசில் நிறுத்துப் பார்.

தகடு வேண்டாம் என்று இப்போது சொல்கிறேன். தகடு எப்போதும் அங்கேயே இருக்கும். நீ திரும்பி வருகிறபோது வண்டி வெறுமை. வெறும் வண்டிக்குத் தகடு கூடினால் பின்பக்கம் கல்லுப் போல அடிக்கும், ஈரத்திலும் பனியிலும் சில்லு துள்ளும். டிம்ப்ரன் மாதிரி ரப்பர் வில்லு இருக்கிறது. அதில் காற்றும் இல்லை, ஒழுக்கும் இல்லை, ஆனால் மட்டத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது. உனக்கு எயார் பாக்தான் சரி. இரண்டு பைக்கும் தனித்தனிக் குழாய் விடச் சொல். ஒரே குழாயில் தொடுத்தால் வளைவில் ஒரு பக்கத்துக் காற்று மற்றப் பக்கம் போய் வண்டி இன்னும் சாயும். சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தால் கொண்டுபோக விடாதே. வெறுமையாக ஓடினாலும் 5 பி.எஸ்.ஐ. காற்றாவது நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பை நசிந்து கிழியும். குளிருக்குக் காற்று இறங்கும், விடியவில் பார்த்துவிட்டு எடு. பை துள்ளலை அடக்காது, ஷொக் அப்சோபர் களைத்துப் போயிருந்தால் மாற்று. குளிர் தொடங்குகிறது, தம்பி. போர்வை அந்த ஒன்றுதானா?

இனி நான் சொல்ல வேண்டியது. எயார் பாக் போட்டாலும், தகடு போட்டாலும், ரப்பர் போட்டாலும் வண்டி சட்டப்படி சுமக்கக்கூடிய பாரம் ஒரு இறாத்தல்கூடக் கூடாது. சாரதிக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கிற அளவுதான் அளவு. அச்சும், ரயரும், பிறேக்கும் பழையவைதானே. இதை நீ என்னிடம் ஒருமுறை கேட்டாய். ஞாபகம் இருக்கிறதோ தெரியாது.

போரில் பூட்டிக் கிடந்த கண்டி வீதி, ஏ-9, 2002 சித்திரையில் திறந்து அடுத்த வருடம். கோப்பாய்ப் பக்கம் எல்லோரிடமும் வெங்காயம் கிடந்தது. லொறிக்கு எடுத்த கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது, அம்மாவுக்கும் சொல்லவில்லை. ஒரு ஓட்டத்தில் ஒன்றரை ஓட்டக் காசு எடுக்கலாம் என்று நினைத்து, பெட்போர்ட் லொறிக்குப் பின்னுக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு தகடு கூடப் போட்டேன். வேப்பமரத்தடியில், இரவில். நீ லாம்பு பிடித்துக்கொண்டு நின்றாய். பதினாலு வயது. "தகடு கூடினால் சரி, பிறேக் பழசுதானே அப்பா?" என்று கேட்டாய். "லாம்பை ஒழுங்காகப் பிடி" என்று ஏசினேன்.

முகமாலைச் சோதனைச்சாவடியில் மூட்டைகளை இறக்கி ஏற்றிவிட்டுப் போனோம். மாங்குளம் தாண்டினதும் பின் ரயர் வெடித்தது. தகடுகள் தாங்கின, ஒன்றுகூட முறியவில்லை. பிறேக்கை மிதித்தேன், பாரம் தள்ளிக்கொண்டே போனது. மிதிவெடி எச்சரிக்கைப் பலகைக்கு இரண்டு முழம் இப்பால் லொறி நின்றது. மாமா மூட்டைகளோடு விழுந்து கிடந்தார்.

வீதி கிடங்கும் பள்ளமும் என்று எல்லோருக்கும் சொன்னேன். வீதி கிடங்குதான். ஆனால் மற்ற லொறிகளும் அதே கிடங்கில்தான் போய் வந்தன. மாமா இன்றைக்கும் எனக்கு முன்னால் கால் நோகிறது என்று சொல்ல மாட்டார். நீயும் அந்தத் தகட்டைப் பற்றி ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. லொறியை விற்கும் வரை ஆறு மாதம் நான் வீட்டில் ஒருவருக்கும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கடன் என்று சொல்லியிருந்தால் அம்மா தாலிக்கொடியைக் கழற்றித் தந்திருப்பா என்று பயந்தேன். அவவோ நான் வேறு ஏதோ என்று நினைத்து அழுதிருக்கிறா. இருபது வருடம் கழித்து நீ கேட்டபோதும் என் வாயில் முதலில் வந்தது "ஒரு தகடு கூடப் போடு" என்பதுதான். அதை நினைத்து எனக்கு நித்திரை இல்லை.

நீ தனியாகப் போய்ச் சொந்த வண்டி வாங்கினதைச் சந்தியில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். தவணை எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. ஆனால் குரல் பதிவு ஒன்று போட அரை நிமிடம் போதும், அம்மாவுக்கு அது போதும்.

சின்னம்மாவின் மகள் இருபதாம் திகதி திரும்புகிறாள். இந்தக் கடிதமும் மோர்மிளகாயும் ஒடியல்மாவும் அவளிடம் வருகின்றன. எந்த வீட்டில் கொண்டுவந்து தர வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிவிடு, எந்த வீடு என்றாலும் சரி. கதவுச் சட்டத்தில் உள்ள அளவையும், அச்சு அச்சாகப் பாரம் நிறுத்த சிட்டையையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. நிறுக்காமல் ஒன்றும் வாங்காதே. வேலைக்காக, வில்லை அச்சோடு இறுக்கிற யூ போல்ட் கழற்றினால் பழையதைத் திருப்பிப் போட விடாதே, புதிது போட்டு 800 கிலோமீற்றர் ஓடினதும் இன்னொருமுறை இறுக்கு. போன் என் தலைமாட்டில்தான் கிடக்கிறது. இங்கே எத்தனை மணி என்று பார்க்காமல் எடு.

அப்பா