சாம்பல் நிறக் குளியலறையும் வன்னியின் தண்ணீரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் ஞாயிறு வீட்டுப் பக்கத்தில், சாம்பல் நிறத் தளபாடங்களையும் டைல்ஸ்களையும் கொண்டு குளியலறை அமைப்பது பற்றி வெளியான கட்டுரையை வாசித்தேன். கட்டுரையோடு வந்த படங்கள் அழகானவை. ஆயினும் அவற்றில் ஒன்றிலேனும் ஒரு வாளி இல்லை, நனைந்த தரை இல்லை, கிணற்றுத் தண்ணீர் காய்ந்த தடம் இல்லை. இலங்கையின் வடக்கே வன்னிப் பகுதியில், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வீடுகளுக்குப் படம் வரைந்து கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவள் என்பதால், இங்கு வீடு கட்டுவோருக்காக அக்கட்டுரையில் விடுபட்ட சில விடயங்களை எழுத விரும்புகிறேன்.

போருக்குப் பிந்திய மீள்குடியேற்றத்துக்குப் பின் வன்னியில் எழுந்த வீட்டுத்திட்ட வீடுகளில் பல 550 சதுர அடி அளவானவை. மலசலகூடம் வளவின் ஒரு மூலையில் இருக்கும், குளிப்பது கிணற்றடியில். இப்போது பிள்ளைகள் வளர்ந்து, பெற்றோருக்கு வயதாகி, வீட்டோடு சேர்த்து ஒரு குளியலறை கட்டும் காலம் வந்திருக்கிறது. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கும் உறவினர் காசோடு ஒரு படத்தையும் அனுப்புகிறார், அந்தப் படம் பெரும்பாலும் சாம்பல் நிறத்தில்தான் இருக்கிறது. அந்த நிறம் நமக்கும் பொருந்தும் என்பதே என் எண்ணம். கிரவல் வீதியின் தூசியும் வயற்சேறும் காலோடு வந்து சேரும் வீட்டில் வெள்ளைத் தரையை வெள்ளையாக வைத்திருக்க யாராலும் முடியாது. மினுக்கிய சீமெந்தோடும், நம் ஊர் முதிரைப் பலகையின் பொன்மஞ்சளோடும் சாம்பல் நிறம் இயல்பாகவே சேர்ந்து போகும். ஆனால் எந்தச் சாம்பல் என்பதை அந்த வீட்டின் கிணறும் யன்னலும் தீர்மானிக்க வேண்டும். காலும் கையும் இடம் கண்டுபிடிக்க வேண்டிய இடங்களில் அந்தச் சாம்பலை வேறு நிறத்தால் முறிக்கவும் வேண்டும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

முதலில் வெளிச்சம். சாம்பல் நிறத்துக்குள் நீலமோ பச்சையோ மண்ணிறமோ மறைந்திருக்கும். கடையின் விளக்கொளியில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னர்தான் வேறுபாடு வெளிப்படும். நம் கடைகளில் அதிகம் விலைப்படும் வெள்ளை எல்.ஈ.டி. குமிழ்கள் 6500 கெல்வின் அளவிலானவை (கெல்வின் எண் கூடக்கூட ஒளி நீலம் கலந்த வெள்ளையாகும்). அந்த ஒளியில் நீலம் கலந்த சாம்பல் மேலும் குளிர்ந்து, கண்ணாடியில் பார்ப்பவரின் முகத்தையும் வெளிறச் செய்கிறது. 4000 கெல்வின் குமிழ் ஒன்றை மாட்டினாலே நிலைமை பெருமளவு மாறிவிடும். யன்னலுக்கு வெளியே மாமரமோ வாழையோ நின்றால் இலைகளில் பட்டு வரும் ஒளி சுவரில் பச்சை சாயலை ஏற்றும். ஆகவே மாதிரி டைல் ஒன்றை வாங்கி வந்து, தரையில் கிடத்தாமல் சுவரில் நிமிர்த்தி வைத்து, காலையிலும் உச்சி வேளையிலும் விளக்கு ஏற்றிய பின்னும் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் படும் ஒளியில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும். கரிச்சாம்பல் 10 பங்கு அளவையே அனுப்பும். ஐந்துக்கு ஏழு அடி அறையில், கூரையோரம் சிறிய காற்றுவழி ஒன்றை மட்டும் விட்டு, நான்கு சுவரிலும் கரிச்சாம்பல் பதித்தால் நண்பகலிலும் விளக்குப் போட வேண்டிவரும். அந்த அடர்ந்த நிறம் பிடித்திருந்தால் ஒரு சுவரோடு நிறுத்திக்கொள்ளலாம். யன்னலை ஐந்தரை அடிக்கு மேலே உயர்த்தி, அகலத்தைக் கூட்டலாம்; வசதி குறைந்தவர்கள் அந்த இடத்தில் ஒரு வரிசை பூக்கல் (காற்றும் ஒளியும் வரத் துளையிட்ட கல்) வைத்தாலும் போதும்.

அடுத்தது தண்ணீர். கட்டுரை இதைத் தொடவேயில்லை, எங்களுக்கோ இதுவே முதற் கேள்வி. வெளிநாட்டுப் படங்களில் உள்ள அறைகளில் கண்ணாடித் தடுப்புக்குள் குளித்துவிட்டு, காய்ந்த தரையில் நடக்கிறார்கள். நாம் வாளியில் நிறைத்துக் கோப்பையால் அள்ளி ஊற்றுகிறோம், அங்கேயே உடுப்பும் தோய்க்கிறோம். அறை முழுவதும் நனைந்து, பின் தானாகக் காய்கிறது. கல்சியம் கூடிய கிணற்றுத் தண்ணீர் காயும்போது வெள்ளைப் படையை விட்டுச்செல்லும். இரும்பு கூடிய தண்ணீர் செம்மண்ணிறக் கறையை விட்டுச்செல்லும். பளபளக்கும் கரிச்சாம்பல் டைலில் வெள்ளைப் படை ஒவ்வொரு துளியாகத் தெரியும். மெல்லிய, ஏறக்குறைய வெள்ளையான சாம்பலில் இரும்புக் கறை வழிந்த கோடு தெரியும். இரண்டுக்கும் நடுவிலான, கல்லைப் போலச் சிறு புள்ளியும் வரியும் கலந்த, மினுக்கம் இல்லாத சாம்பலே வன்னியில் நெடுநாள் நன்றாக இருக்கிறது. இரும்புத் தண்ணீர் உள்ள வீடுகளில் மண்ணிறம் சற்றே கலந்த சாம்பல் இன்னும் பொருத்தமானது.

இதைச் சோதிக்க எந்தக் கருவியும் தேவையில்லை. மாதிரி டைலைக் கிணற்றடியில் வைத்து, உங்கள் சொந்தக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றித் துடைக்காமல் காயவிடுங்கள். ஒரு கிழமைக்கு நாள்தோறும் இதையே செய்யுங்கள். கடைசியில் அந்த டைல் எப்படி இருக்கிறதோ, துடைக்க ஆளில்லாத ஒரு மாதத்தில் உங்கள் குளியலறை அப்படித்தான் இருக்கும். நான் படம் வரையும் வீடுகளில் இந்தச் சோதனை முடியாமல் நிறத்தை உறுதி செய்வதில்லை.

படிந்த கல்சியத்தை நீக்க அசிட் ஊற்றும் பழக்கம் இங்கு பரவலாக உண்டு. அது டைல்களுக்கு இடையிலான கோடுகளை நிரப்பும் சீமெந்துக் கிரவுட்டைக் கரைக்கும், குழாய்களின் குரோம் பூச்சையும் கெடுக்கும். கறுப்பு மங்கல் பூச்சுக் குழாய்கள் சாம்பல் அறையில் எடுப்பாகத் தெரிவது உண்மையே. ஆனால் வன்னித் தண்ணீரில் அவை விரைவில் வெண்மை படிந்துவிடும், தேய்த்தால் பூச்சும் போகும். குரோம் குழாயை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு வந்தாலே போதும் என்பதால் நான் அதையே பரிந்துரைக்கிறேன்.

இனி, என்னை இக்கடிதம் எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகிறேன். ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு வீட்டில், தரை, சுவர், குளிக்கும் பகுதியைப் பிரிக்கும் நான்கு அங்குலக் கட்டு எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் டைலைப் பதித்திருந்தார்கள். வேலை மிக நேர்த்தியாக இருந்தது. அந்த வீட்டு அம்மம்மாவுக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. அவர் வாசலில் நின்று, சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வலது காற்பெருவிரலால் தரையைத் தடவித் தடவிக் கட்டு எங்கே தொடங்குகிறது என்று தேடியதைப் பார்த்தேன். தரை எது, கட்டு எது என்று அவருக்குத் தெரியவில்லை. நனைந்திருந்தபோது எனக்குமே தெளிவாகத் தெரியவில்லை. அன்று மாலையே மேசன் கட்டின் மேல் விளிம்பில் ஒரு வரிசை வெள்ளை டைல் வெட்டிப் பதித்தார். அதன் பிறகு அம்மம்மா காலால் தேடுவதில்லை.

போரில் காலையும் கையையும் பார்வையையும் இழந்தவர்கள் ஊருக்கு ஊர் வாழும் பிரதேசம் இது. ஊன்றுகோலோடும் செயற்கைக் காலோடும் ஈரத் தரையில் கால் வைப்பவர்களுக்குக் குளியலறையே வீட்டின் மிக ஆபத்தான அறை. மாற்றுத்திறனாளிகளுக்கான, இலங்கையின் 2006 ஆம் ஆண்டு அணுகுவசதி ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களைக் குறித்தவை. சொந்த வீட்டில் அந்தப் பொறுப்பு படம் வரைபவரிடமும் மேசனிடமும் வீட்டாரிடமுமே இருக்கிறது. அடுத்தடுத்துள்ள இரண்டு பரப்புகள் ஒளியைத் திருப்பும் அளவில் (மேலே சொன்ன, நூற்றுக்கு எத்தனை பங்கு என்ற கணக்கில்) 30 புள்ளிகளாவது வேறுபட வேண்டும் என்பது பிரித்தானியக் கட்டட வழிகாட்டல்களில் உள்ள அளவு. அதை நம் மொழியில் இப்படிச் செய்யலாம்: தரை நடுத்தரச் சாம்பல் என்றால் சுவர் மெல்லிய சாம்பலாக இருக்கட்டும்; கொமட்டும் பேசினும் வெள்ளையாகவே இருக்கட்டும், சாம்பல் கொமட் வேண்டாம்; கைபிடிக் கம்பி சுவரிலிருந்து பிரிந்து தெரியும் நிறத்தில் இருக்கட்டும். முடிந்தால் கட்டே இல்லாமல், தரையைச் சரிவாக இறக்கி, வாசலை மூன்று அடி அகலம் விடுவது எல்லாவற்றிலும் மேலானது. வழுக்கலைப் பொறுத்தவரை, பெட்டியில் ஆர் 10 அல்லது ஆர் 11 என்ற குறி உள்ள தரை டைலைக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டுக்கு இரண்டு அடிப் பெரிய டைலைக் குளிக்கும் இடத்தில் பதித்தால் தண்ணீர் போகும் துளையை நோக்கிச் சரிவு கொடுப்பது மேசனுக்குச் சிரமம். அங்கே சிறிய டைல் பதித்தால் சரிவும் சரியாக வரும், கிரவுட் கோடுகள் காலுக்குப் பிடிமானமும் தரும்.

தளபாடங்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். படங்களில் தெரியும் சாம்பல் நிற அலுமாரிகள் பெரும்பாலும் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையால் ஆனவை. வாளித் தண்ணீர் தெறிக்கும் அறையில் அதன் விளிம்பு உப்பிப் பிரியும், பின் கறையான் வரும். பேசினுக்குக் கீழே கம்பி வைத்த மெல்லிய சீமெந்துத் தட்டு வார்த்து, அதை மினுக்கி, முன்பக்கம் சாம்பல் நிற பி.வி.சி. அல்லது அலுமினியக் கதவு போட்டால் செலவும் குறையும், ஆயுளும் கூடும். தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி அமைத்தால் அடியில் கழுவலாம். முதிரைப் பலகையை ஈரம் படாத உயரத்தில், கண்ணாடிச் சட்டமாகவோ துவாய் மாட்டும் தட்டாகவோ வைத்தால் அறையின் குளிர்ச்சி தணியும்.

வாங்கும்போது இன்னொன்று. டைல் பெட்டியின் பக்கத்தில் நிறத்தொகுதி எண் அச்சிட்டிருக்கும். எல்லாப் பெட்டிகளிலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, பத்துக்கு ஒன்று வீதம் கூடுதலாக அதே நாளில் வாங்கிவிடுங்கள். பிறகு வாங்கினால் அதே பெயரில் வேறு சாம்பல் வரக்கூடும், அந்த வேறுபாடு சாம்பலில் பளிச்சென்று தெரியும். கிரவுட்டை டைலைவிட ஒரு படி அடர்த்தியான சாம்பலில் எடுப்பது நல்லது. அதைக் குழைக்கும்போது தண்ணீர் கூடினால் காய்ந்தபின் திட்டுத்திட்டாக வெளுக்கும் என்பதால், அன்றைக்கு மேசனுக்குப் பக்கத்தில் வீட்டார் ஒருவர் நிற்பது வீண்போகாது.

தங்கள் வீட்டுப் பக்கத்தில் இனி இத்தகைய கட்டுரைகள் வரும்போது, நம் பிரதேசத்தில் கட்டி முடித்து இரண்டு வருடமாவது பாவித்த குளியலறைகளின் படங்களையும், அவை நனைந்திருக்கும் நிலையிலேயே எடுத்து, வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். படத்தின் கீழே கட்டின் உயரம், வாசலின் அகலம், தண்ணீர் எந்தக் கிணற்றுடையது என்ற விபரங்களும் இருந்தால் வாசகர்களுக்கு உதவும். அவ்வாறு ஒரு பக்கம் தயாராகுமானால், நான் வரைந்த அறைகளின் படங்களையும் அளவுகளையும் வீட்டாரின் சம்மதத்தோடு அனுப்பிவைப்பேன்.

இப்படிக்கு,
கட்டடப் பட வரைஞர் ஒருவர்,
மாங்குளம்.