பிரேமாவுக்கு: அந்த நாற்பது நாள் கணக்கு

மறையூர்,
மே 12

அன்புள்ள பிரேமா,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். உன் மகள் யாழினிக்கு நவோதயாவில், அந்த மத்திய அரசு உறைவிடப் பள்ளியில், இடம் கிடைத்தும் சேர்க்கை நின்றுவிட்டது என்று நேற்று ராத்திரி நீ போனில் அழுததில் பாதி புரிந்தது, மீதி இங்கே பெய்த மழையில் சிக்னலோடு போய்விட்டது. போனிலேயே எல்லாம் சொல்லலாம்தான். ஆனால் நீ "ம், ம்" என்று கேட்டுவிட்டு, வைத்தவுடன் மறந்துபோவாய். சரசு டீச்சர் உன்னிடம் எதையும் பலகையில் எழுதித்தான் காட்டுவார், ஞாபகம் இருக்கிறதா?

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி, வழக்கம்போல. அவ்வளவுதான் செய்தி.

முதலில் யாழினிக்கு என் முத்தம். நவோதயாவில் ஆறாம் வகுப்புக்கு மாவட்டம் முழுவதற்கும் சேர்த்தே எண்பது இடம்தான். அதில் ஒன்றில் அவள் பெயர் வந்திருக்கிறது. இதை உன் வீட்டுக்காரரிடம் சத்தமாகப் படித்துக் காட்டு. ஏனென்றால் அவர் எழுதியிருக்கும் ஆறு பக்க மனுவில் நாலரைப் பக்கம் பிள்ளையின் மார்க்கும் உழைப்பும்தான் இருக்கிறதாம். நூறு மார்க், எண்பது கேள்வி, கேள்விக்கு ஒன்றேகால் என்று கணக்கெல்லாம் போட்டிருக்கிறாராம். அதைக் கிழித்து அடுப்பில் போடச் சொல். தேர்வில் அவள் ஜெயித்தாயிற்று, அதில் யாருக்கும் தகராறு இல்லை. நவோதயாவில் மறுகூட்டலும் கிடையாது, மறுமதிப்பீடும் கிடையாது. எம்.எல்.ஏ. கடிதம் வாங்குகிறேன் என்று அலைகிறாரே, அதையும் நிறுத்தச் சொல். இடம் நின்றிருப்பது ஒரே ஒரு தேதியால். மனுவும் அந்த ஒரு தேதியைப் பற்றி மட்டும் பேச வேண்டும்.

விதி இதுதான். குறைந்தது 75 சதவீத இடம் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு. அதில் வர மூன்று, நாலு, அஞ்சு ஆகிய மூன்று வகுப்பையும் முழுக் கல்வியாண்டாகக் கிராமப்புறப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் நகர்ப்புறப் பள்ளியில் படித்திருந்தாலும் நகரப் பிள்ளை என்றுதான் கணக்கு. உங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை பஞ்சாயத்து, அதனால் கிராமம். சித்தூர்-தத்தமங்கலம் நகராட்சி, அதனால் நகரம். யாழினி இரண்டாம் வகுப்பு வரை படித்தது நகராட்சி எல்லைக்குள். மூன்றாம் வகுப்புக்கு உங்கள் ஊர் எல்.பி. பள்ளியில் (நாலாம் வகுப்பு வரை உள்ள ஆரம்பப் பள்ளி) சேர்த்தீர்கள். ஆனால் பழைய பள்ளி டி.சி. (மாற்றுச் சான்று) கொடுத்தது 2023 ஜூலை 11. புதிய பள்ளியும் சேர்க்கைப் பதிவேட்டில் அதே தேதியைப் போட்டுவிட்டது. பள்ளி திறந்தது ஜூன் 1. ஆக, ஜூலை 10 வரை நாற்பது நாள் அவள் நகரத்தில் படித்தாள் என்று சரிபார்க்கிறவர்கள் படிக்கிறார்கள். அவர்கள்மேல் கோபப்படாதே. கையில் இருக்கும் காகிதம் அப்படித்தான் பேசுகிறது. நாம் வேறு காகிதம் கொண்டுபோக வேண்டும்.

அதற்குமுன் ஒன்று கேட்கிறேன், நிஜத்தைச் சொல். அந்த ஜூன் மாதம் யாழினி பழைய பள்ளிக்கு ஒரு நாளாவது போனாளா? டி.சி. வாங்கப் போனபோது வகுப்பில் உட்காரவைத்தார்களா? போயிருந்தால் இந்த வழி மூடிவிட்டது. கிராமப்புறம் என்று வாதாடாதே, வேறு வழி கீழே சொல்கிறேன். போகவில்லை என்றால் மட்டும் மேலே படி. தப்பான சான்று கொடுத்து உள்ளே போனால், எட்டாவது படிக்கும்போது கண்டுபிடித்தாலும் வெளியே அனுப்பலாம். பிள்ளையின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீ நவோதயா இருக்கும் மலம்புழாவிலிருந்து பஸ் ஏறுவதை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, போகவில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

டி.சி.யை எடுத்து வைத்துக்கொள். எல்லோரும் அதில் வழங்கிய தேதியை மட்டும் பார்க்கிறார்கள். நம்ம கேரளா டி.சி.யில் இன்னும் சில வரிகள் உண்டு: பிள்ளை கடைசியாகப் பள்ளிக்கு வந்த நாள், பேர் நீக்கிய நாள், அந்த ஆண்டு பள்ளி நடந்த நாட்கள் எத்தனை, அதில் பிள்ளை வந்தது எத்தனை, டி.சி. கேட்டு மனுக் கொடுத்த நாள். கடைசியாக வந்த நாள் மார்ச் மாதத்தில் இருந்தால் உன் வழக்கில் முக்கால்வாசி அங்கேயே முடிந்தது. மனுக் கொடுத்த நாள் மே கடைசியோ ஜூன் முதல் வாரமோ என்றால் இன்னும் நல்லது, தாமதம் உன்னுடையது அல்ல என்று ஆகிறது. அந்த வரிகள் வெறுமையாகவோ "ஜூலை 10" என்றோ இருந்தால் கவலைப்பட வேண்டும். நிறைய ஆபீஸில் வழங்கும் தேதிக்கு முதல் நாளையே பழக்கதோஷத்தில் எழுதிவிடுவார்கள். மூல டி.சி. எல்.பி. பள்ளியில்தான் இருக்கும். ஹெச்.எம். (தலைமையாசிரியர்) கையெழுத்தும் சீலும் போட்ட நகல் வாங்கு.

அடுத்தது உங்கள் எல்.பி. பள்ளியின் மூன்றாம் வகுப்பு ஹாஜர் புத்தகம், 2023 ஜூன் பக்கம். டி.சி. வராவிட்டாலும் பிள்ளையை வகுப்பில் உட்காரவைத்திருப்பார்கள். வைக்கத்தான் வேண்டும், கல்வி உரிமைச் சட்டம் 2009, ஐந்தாம் பிரிவு அதைத்தான் சொல்கிறது: டி.சி. தாமதம் என்று சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. இதை மனுவில் ஒரு வரியாக வை. ஜூன் பக்கத்தில் அவள் பெயர் பேனாவில் கடைசியில் சேர்த்திருந்தாலும் பரவாயில்லை, நாளுக்கு நாள் வருகைக்குறி இருக்கிறதா என்பதே முக்கியம்.

இப்போது நான் பயப்படுகிற இடம். ஆறாம் வேலை நாள் கணக்கு. பள்ளி திறந்து ஆறாம் வேலை நாளில் எத்தனை பிள்ளை என்று எண்ணித்தான் டீச்சர் வேலையிடம் எத்தனை என்று முடிவு செய்வார்கள். பிள்ளைகளின் ஆதார் எண்ணோடு போகிற கணக்கு அது. யாழினி பெயர் உங்கள் ஊர்ப் பள்ளியின் ஆறாம் நாள் பட்டியலில் இருந்தால் அதைவிடப் பலமான சாட்சி கிடையாது. ஆனால் பிள்ளை குறைந்தால் ஒரு டிவிஷன் (வகுப்புப் பிரிவு) போய்விடுமே என்று பழைய பள்ளி அவள் பெயரை ஜூலை வரை பிடித்துவைத்து, தன் கணக்கில் காட்டியிருந்தால்? டி.சி. ஏன் ஜூலையில் வந்தது என்று எனக்கு முதலிலிருந்தே அந்தச் சந்தேகம்தான். அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் பழைய பள்ளிக்குப் போய், ஜூன் மாதம் அவள் பெயருக்கு நேரே என்ன குறி இருக்கிறது என்று பார். சண்டை போடாதே. "வராத நாள்" என்று இருந்தால் அதற்கே ஒரு சான்று எழுதி வாங்கிவிடு. வந்ததாகக் குறி இருந்தால் எதையும் மாற்றச் சொல்லாமல் வெளியே வந்து எனக்குப் போன் பண்ணு. தர மறுத்தால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேள். ஆனால் அதற்கு முப்பது நாள் ஆகும், இடம் அதுவரை காத்திருக்காது. நேரில் கேட்பதுதான் வழி.

மதியச் சாப்பாட்டுக் கணக்கைத் தேடி நேரத்தை வீணாக்காதே. அதில் பெரும்பாலும் தலைக்கணக்குத்தான் இருக்கும், பேர் இருக்காது. பாடப்புத்தகம் வாங்கியதற்குக் கையெழுத்துப் போட்ட பட்டியல் இருந்தால் சேர்த்துக்கொள், துணைக்கு நிற்கும்.

அப்புறம் ஹெச்.எம். சான்று. மூன்றும் நாலும் எல்.பி. பள்ளி, அஞ்சு யு.பி. பள்ளி (அதற்கு மேல்நிலை ஆரம்பப் பள்ளி), ஆகவே இரண்டு ஹெச்.எம். எழுதித் தர வேண்டும். எல்லோரும் செய்கிற தப்பு "2023-24" என்று வருஷத்தை மட்டும் எழுதுவது. வகுப்பு வாரியாக எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, பள்ளியின் பதினோரு இலக்க யூடைஸ் எண் (நம்ம மாநிலத்துக்கு 32 என்று தொடங்கும்), எந்தப் பஞ்சாயத்து, எல்லாம் வேண்டும். மூன்றாம் வகுப்பு வரியில் இப்படி இருக்கட்டும்: "2023 ஜூன் இன்ன தேதி முதல் வகுப்பில் வந்து படித்தார், மாற்றுச் சான்று பின்னர் கிடைத்ததால் சேர்க்கை எண் 11-7-2023 அன்று பதியப்பட்டது." தேதியை ஹாஜர் புத்தகத்தைத் திறந்துவைத்துப் பார்த்து எழுதச் சொல். உண்மையான முதல் வருகை ஜூன் 5 என்றால் ஜூன் 5 என்றே எழுதட்டும். ஜூன் 1 என்று "நல்லதுக்கு" மாற்றினால் ஹாஜர் நகலோடு முட்டிக்கொள்ளும், அதோடு கதை முடிந்தது. அதன்மேல் ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அதிகாரி) ஒப்பம் வாங்கு. பள்ளி இருக்கும் வார்டு பஞ்சாயத்தில் என்று பஞ்சாயத்துச் செயலாளரிடமும் ஒரு சான்று. இது மே மாதம், பள்ளி பூட்டியிருக்கும். ஹெச்.எம்.மை முன்னாடியே போனில் பிடித்துவிட்டுப் போ.

மனு ஒரு பக்கம், இங்கிலீஷில். நவோதயா பிரின்சிபாலுக்கு எழுதி, நகல் ஹைதராபாத் மண்டல அலுவலகத்தின் துணை ஆணையருக்கு. கேரளா அவர்கள் கீழேதான். இன்னொரு நகல் கலெக்டருக்கு, வித்யாலய நிர்வாகக் குழுவுக்கு அவர்தான் தலைவர். கேட்க வேண்டியது மூன்று: இந்தச் சான்றுகளைப் பார்த்து அவளைக் கிராமப்புறப் பிள்ளையாக ஏற்க வேண்டும், முடிவாகும் வரை அந்த இடத்தைக் காத்திருப்புப் பட்டியலுக்கு விடக் கூடாது, ஏற்க முடியாவிட்டால் மீதி 25 சதவீதத்தில், தேர்ச்சி வரிசைப்படி அவள் வருகிறாளா என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றாவதை எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஜூனில் அவள் பழைய பள்ளிக்குப் போயிருந்தால் உனக்கு இருக்கிற வழியும் அதுதான். நேரில் கொடுத்து நகலில் தேதியோடு சீல் வாங்கு. ஹைதராபாதுக்கு ஸ்பீட் போஸ்ட். மலையாளத்திலும் தமிழிலும் இருக்கும் பக்கங்களுக்கு இங்கிலீஷ் பெயர்ப்பு வைத்து, ஹெச்.எம்.மிடமே ஒப்பம் வாங்கிவிடு. வெறும் மலையாளப் பக்கத்தை ஹைதராபாதில் யார் படிப்பார்கள்?

"ஹைகோர்ட்டுக்குப் போவேன்" என்று உன் வீட்டுக்காரர் சொன்னாராமே. எழுத்தில் மறுப்பு கையில் வந்தபிறகு போகட்டும். இப்போது எர்ணாகுளம் போனால் வக்கீல் கேட்கும் முதல் காகிதமே அந்த மறுப்புக் கடிதம்தான்.

ஆதாரில் உங்கள் விலாசம் இன்னும் கோபாலபுரம், அண்ணன் வீடு என்றுதான் இருக்கிறதா? அக்ஷயா சேவை மையத்தில் நாளைக்கே மாற்று. செக்போஸ்டுக்கு அந்தப்பக்கம் தமிழ்நாடு, அங்கே நவோதயாவே கிடையாது. பெற்றோர் இந்த மாவட்டத்தில் குடியிருக்கிறார்கள் என்று காட்டாவிட்டால் இந்தத் தேதிச் சண்டைக்கே அர்த்தமில்லை. வில்லேஜ் ஆபீஸில் ஓ.பி.சி. சான்று வாங்கும்போது மத்திய அரசுப் படிவம் என்று கேட்டு வாங்கு. சும்மா கேட்டால் மாநிலத்துக்கானதைத்தான் கொடுப்பார்கள்.

ஒருவேளை நடக்காவிட்டால்: ஆறாம் வகுப்புத் தேர்வை இரண்டாம் தடவை எழுத முடியாது, அதை அவளிடம் இப்போது சொல்லாதே. எட்டாவது படிக்கும்போது ஒன்பதாம் வகுப்பு இடங்களுக்குத் தனித் தேர்வு உண்டு. அது வேறு பாடத்திட்டம், கணக்கு, அறிவியல், இங்கிலீஷோடு இந்தியும் வரும். அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

டி.சி.யின் இரண்டு பக்கத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பு. போன தடவை அனுப்பிய மாதிரி உன் கட்டைவிரலை அனுப்பாதே. இரண்டு கிலோ மறையூர் வெல்லம் ராஜன் கையில் கொடுத்திருக்கிறேன், வியாழக்கிழமை வந்து சேரும். ஒரு கட்டி யாழினிக்குத் தனியாக.

உன்,
மல்லிகா

பி.கு.: யு.பி. பள்ளிச் சான்றில் யாழினியின் இனிஷியல் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று பார். விண்ணப்பத்தில் எப்படியோ அப்படியே எல்லாக் காகிதத்திலும் இருக்கட்டும்.