எட்டாவது கேள்வி

அன்புள்ள செல்வம்,

பேத்தி பிறந்த செய்தி கிடைத்தது, ரொம்ப சந்தோஷம். பெயர் வைத்தாயிற்றா?

இங்கே என்னை பிசியோதெரபி அறையிலிருந்து கிளப்பி, முதுகு ஜவ்வு ஆபரேஷன் ஆனவர்களுக்கு போன் போட்டு விசாரிக்கிற வேலையில் உட்கார வைத்துவிட்டார்கள். சின்னதாகக் கீறி, குழாய் விட்டு, பிதுங்கின ஜவ்வை எடுக்கிற ஆபரேஷன். ஆறு வாரம், ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துக் கேட்க வேண்டும்.

கேள்வித்தாளின் பெயர் ஆஸ்வெஸ்ட்ரி, முதுகு வலியால் அன்றாட வேலை எவ்வளவு முடங்குகிறது என்று அளப்பது, 1980இல் இங்கிலாந்தில் வந்தது. பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், கூட்டி இரண்டால் பெருக்கினால் சதவீதம். எண் குறையக் குறைய நல்லது. எட்டாவது கேள்வி தாம்பத்யம் பற்றியது. அதை முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுவார்கள், நானும் வற்புறுத்துவதில்லை. மொத்தத்தை ஐம்பதுக்குப் பதில் 45 என்று வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

போன வாரம் ஓர் அம்மா. காலில் இழுப்பு சுத்தமாக இல்லையாம். “கனமானதைத் தூக்குவீங்களா?” என்றேன். “தூக்குறதே இல்லீங்க, நீங்கதானே தூக்காதேன்னு சொன்னீங்க!” வருடம் ஒன்றாகிவிட்டது, குடத்தைத் தொடவில்லை. தாளில் அது ஊனக் கணக்கில்தான் சேரும். ஆனால் அது ஜவ்வு செய்த ஊனமில்லை, டிஸ்சார்ஜ் அன்று சொல்லியனுப்பிய நான் செய்தது. இது போக, கால் வலியையும் முதுகு வலியையும் பத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்பதற்கும் காரணம் உண்டு. சிலருக்குக் கால் குடைச்சல் எட்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கியிருக்கும், முதுகு வலி பாதிகூடக் குறையாது. நோயாளி ‘ஆபரேஷன் சரியில்லை’ என்பார், டாக்டர் ‘பிரமாதம்’ என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

டாக்டர்களுக்குத் தழும்பு சின்னதாக இருப்பதில் ஒரு பெருமை. நெதர்லாந்தில் 328 பேரை வைத்து, குழாய் முறையையும், குழாய் இல்லாமல் தசையை விலக்கிச் செய்யும் வழக்கமான மைக்ரோ முறையையும் ஒப்பிட்ட ஆய்வு 2009இல் வந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் குழாய் முறை ஒன்றும் மேலாக இல்லை. கேட்டதால்தானே தெரிந்தது?

என்னை உறுத்துவது போன் எடுக்காதவர்கள். குணமாகி மறந்துவிட்டார்களா, வலியோடு வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்களா? அவர்களை விட்டுவிட்டுச் சதவீதம் போட்டால் எண் அழகாக வரும். எனக்குத்தான் கை வரவில்லை.

சரி, உனக்கும் ஆபரேஷன் ஆகி எத்தனையோ வருடமாகிறது, இதுவரை யாராவது கேட்டார்களா? தாள் ஒன்று வைத்திருக்கிறேன், நிரப்பி அனுப்பு. எட்டாவது உன் இஷ்டம்.

அன்புடன்,
முருகேசன்