பன்றி உறுப்பு மாற்று ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவினருக்கு

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

பன்றியின் இதயத்தையோ சிறுநீரகத்தையோ மனிதருக்குப் பொருத்தும் ஆய்வுத் திட்டம் உங்களிடம் வரும்போது, மரபணு மாற்றப் பட்டியல்தான் முதலில் கண்ணில் படும். அதற்கு முன், அந்தப் பன்றிக்கு என்னென்ன கிருமிச் சோதனைகள் செய்தார்கள் என்ற பக்கத்தைப் புரட்டுங்கள்.

மரபணு வேலை நன்றாகவே முன்னேறியிருக்கிறது. பன்றியின் ரத்தக்குழாய்ச் சுவரில் ஆல்ஃபா-கால் என்றொரு சர்க்கரை உண்டு. நம் உடலின் எதிர்ப்பொருள்கள் அதில் ஒட்டிக்கொண்டால், சில மணி நேரத்துக்குள் ரத்தம் உறைந்து உறுப்பு கறுத்துவிடும். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாந்தில் பொருத்திய இதயத்தில் இத்தகைய மூன்று சர்க்கரைகளுக்கான மரபணுக்களையும், உறுப்பை அளவுமீறி வளரவிடும் ஒன்றையும் முடக்கி, ஆறு மனித மரபணுக்களைச் சேர்த்திருந்தார்கள். உடனடி நிராகரிப்பு வரவில்லை. ஆனாலும் நோயாளி இரண்டே மாதத்தில் இறந்துபோனார். அந்த இதயத்தோடு, பன்றிகளைத் தொற்றும் சைட்டோமெகலோவைரஸ் என்ற வைரஸும் வந்திருந்தது. மரணத்துக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அது உள்ளே வந்திருக்கவே கூடாது.

இத்தனைக்கும் 2020-லேயே எச்சரிக்கை வெளிவந்துவிட்டது. பபூன் குரங்குகளுக்குப் பொருத்திய பன்றி இதயங்களில், இந்த வைரஸ் இருந்தவை ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. இல்லாதவற்றில் ஒன்று 195 நாள் துடித்தது.

மேரிலாந்தில் வைரஸ் தப்பியது எப்படி? மூக்கிலிருந்து எடுத்த மாதிரியைச் சோதித்தார்கள். இந்த வைரஸோ திசுக்களுக்குள் உறங்கிக் கிடக்கும். அப்போது மூக்குச் சளியில் தென்படாது. ஆகவே ரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனையையும் கேளுங்கள். இளங்குட்டியிடம் தாய்ப்பால் வழி வந்த எதிர்ப்பொருள் முடிவைக் குழப்பும் என்பதால், வளர்ந்தபின் மறுபடி பார்க்க வேண்டும். உறுப்பு எடுக்கும் நாளில் திசுத் துண்டிலும், வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை வேண்டும். பிறந்த ஓரிரு நாளில் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துத் தனியே வளர்த்தால் இந்த வைரஸை மந்தையிலிருந்து ஒழிக்கலாம். கூட்டமாக வாழும் விலங்குக்கு அது பெரிய கொடுமை; அதையும் உங்கள் தீர்ப்பில் எடைபோடுங்கள்.

பன்றியின் மரபணுத்தொகுதியிலேயே கலந்திருக்கும் ரெட்ரோவைரஸ்களை இந்த வளர்ப்பு முறை நீக்காது. மனித நோயாளி எவருக்கும் அவை தொற்றியதாக இதுவரை தெரியவில்லை. ஆனால் ஆய்வகத்தில் மனித உயிரணுக்களைத் தொற்றியிருக்கின்றன. அதனால்தான் நோயாளியை ஆயுள் முழுதும் கண்காணிக்கச் சொல்கிறோம்.

சிக்கல் இங்கேதான். எந்த ஆய்விலிருந்தும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பது பங்கேற்பவரின் உரிமை. இங்கோ உறுப்பை எடுத்துவிட்டாலும் கண்காணிப்பு தொடர வேண்டும். ரத்ததானம் கூடாது, துணைவருக்கும் விவரம் தெரிய வேண்டும். சாவின் விளிம்பில் இருப்பவரிடம் இதை ஒப்புதல் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் நீட்டுவது நியாயமில்லை. முதல் பக்கத்திலேயே வரட்டும். சிகிச்சைக் குழுவில் இல்லாத ஒரு மருத்துவர் அதை விளக்கட்டும், துணைவரும் உடன் இருக்கும்போது. பன்றி உறுப்பு பழுதானால், மனித உறுப்புக்கான காத்திருப்புப் பட்டியலில் அவருடைய இடம் என்ன ஆகும் என்பதும் அதே பக்கத்தில் எழுத்தில் இருக்கட்டும்.