தம்பிக்கு, கடைமடையிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். வயலுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு இப்போதுதான் திண்ணையில் உட்கார்ந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் மெரினா பே போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்திருந்தாயே, அம்மாவிடம் காட்டினேன். உன் முகத்தை மட்டும் பெரிசாக்கச் சொன்னாள். "கழுத்தெலும்பு தெரியுதே, நேரத்துக்குச் சாப்புடுறானா?" என்றாள். அந்தக் கேள்வி உனக்கு வந்து சேர்ந்திருக்காது. பார்த்தவர்கள் வரிசையில் என் பெயர் மட்டும்தான் இருந்திருக்கும்.

இந்த ஸ்டேட்டஸ், ஃபேஸ்புக் எல்லாம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கமெல்லாம் தென்னை சாய்ந்து, மின்கம்பம் விழுந்து, டவரும் போயிற்று. மூன்றாம் நாள் கடைத்தெருவில் ஜெனரேட்டர் வைத்து சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள். "ஓடு போச்சு, ஆளுங்க நல்லா இருக்கோம்" என்று உனக்குத் தட்டினேன். ஒரு டிக்கோடு நின்றுவிட்டது. வாய்க்கால் பாலத்தில் ஏறி, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றேன். இரண்டாவது டிக் விழுந்ததும் அழுகை வந்துவிட்டது. எந்தத் தெருவுக்குத் தார்ப்பாய் வரவில்லை என்று நீ ஃபேஸ்புக்கில் போட்டதைப் பார்த்துத்தானே, முகம் தெரியாத பிள்ளைகள் வேன் பிடித்து வந்தார்கள்!

அந்த ஃபேஸ்புக் இப்போது இல்லை. ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா கம்பெனி மீதான வழக்கில் 2025 நவம்பரில் அமெரிக்க நீதிமன்றம் சொன்ன கணக்கைப் படித்தேன். அந்த ஊர்க்காரர்கள் ஃபேஸ்புக்கில் கழிக்கும் நேரத்தில் நண்பர்கள் போட்டதைப் பார்ப்பது 17 சதவீதம்தானாம், இன்ஸ்டாகிராமில் 7. என் போனிலும் யார் யாரோ ஆடும் வீடியோதான் வருகிறது. உன்னைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. மேட்டூரைத் திறந்துவிட்டார்கள் என்றதும் நமக்குத் தண்ணீர் வந்துவிடுகிறதா? வாய்க்கால் தூர்வாரினால்தான் கடைமடைக்கு வரும். இனி உறவெல்லாம் அந்த மாதிரிச் சின்ன வாய்க்காலில்தான் ஓடும் என்று எனக்குப் படுகிறது. குடும்ப குரூப்பும் அவ்வளவு சின்னதில்லை, தம்பி. சித்தப்பா கால் ஒடிந்து கிடந்தபோது அதில் இருபத்தொரு கும்பிடு வந்தது. போன் போட்டுக் கேட்டவர்கள் மூன்று பேர். உன் கும்பிடும் அந்த இருபத்தொன்றில் இருந்தது.

ஆடியில் நீ அனுப்பிய நாற்பது செகண்ட் வாய்ஸை அம்மா இன்னும் கேட்கிறாள். ஸ்பீக்கரில் போட்டாலும் காதோடு ஒட்டித்தான் வைத்துக்கொள்வாள். பின்னால் ரயில் அறிவிப்பு தமிழில் கேட்கும். "அங்கயும் நம்ம பேச்சுதான்" என்று ஒவ்வொரு தடவையும் என்னிடம் சொல்வாள்.

நேற்று அவளே மைக்கை அழுத்திப் பேசிப் பார்த்தாள். விரலைச் சீக்கிரம் எடுத்துவிடுகிறாள். "தம்பி, சாப்" என்று பாதியில் அறுந்து ஒன்று வந்திருக்கும், அதை அழித்துவிடாதே. சாப்பிட்டாயா இல்லையா என்று வாய்ஸிலேயே பதில் சொல்.

அன்புடன்,
அக்கா