கடைசி வரிசைக்கு வயதானவர்களை அனுப்பாதீர்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பஸ் ஓட்டும் ஓட்டுநர்களுக்கும் உடன் வரும் நடத்துநர்களுக்கும்,

வணக்கம். நான் கும்பகோணத்தில் இயன்முறை மருத்துவராக வேலை பார்க்கிறேன். முதுகுவலி, கழுத்துவலி என்று வருகிறவர்களில் பலர், "பஸ்ஸில் ஒரு தூக்கு தூக்கிப் போட்டது, அன்றையிலிருந்துதான்" என்றே பேச்சைத் தொடங்குகிறார்கள். ரோடு போடுவது உங்கள் வேலை இல்லை என்று தெரியும். ஆனால் யாரை எங்கே உட்கார வைப்பது, மேட்டில் எந்த வேகத்தில் ஏற்றுவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். அதனால்தான் அதிகாரிகளை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

கடைசி வரிசை பின்சக்கரத்தைத் தாண்டி வெளியே நீண்டிருக்கிறது. வேகத்தடையில் பின்சக்கரம் ஏறி இறங்கும்போது நடுவில் இருப்பவர் லேசாக ஆடுவார், கடைசியில் இருப்பவர் சீட்டை விட்டு எழும்பி விழுவார். நிற்பவருக்கு முழங்கால் மடங்கி அந்த அடியை வாங்கிக்கொள்ளும். உட்கார்ந்திருப்பவருக்கோ இடுப்பிலிருந்து நேராக முதுகெலும்புக்கு ஏறும். விலா எலும்புகள் முடிந்து இடுப்புப் பகுதி தொடங்கும் இடத்தில் உள்ள முள்ளெலும்புகள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு அடர்த்தி குறைந்திருப்பதால், ஒரே குலுக்கலில் அந்த எலும்பின் முன்பக்கம் நசுங்கிப் போய்விடலாம். பின்வரிசைப் பயணிகளுக்கு வேகத்தடையால் இப்படி எலும்பு முறிந்ததைப் பல நாட்டு மருத்துவர்களும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கான அளவு அது. ஊர்க்காரர்களே கல்லையும் தாரையும் கொட்டிப் போட்டுக்கொள்ளும் குறுகலான மேடுகளுக்கு 25 கூட அதிகம்.

டெல்டாவில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வேகத்தடையை விடப் பாலங்கள்தான். குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, வெண்ணாறு, அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்கள் என்று சிறிது தூரத்துக்கு ஒரு பாலம் வந்துவிடுகிறது. பாலம் அப்படியே நிற்கும். அதை ஒட்டிப் போட்ட ரோடு களிமண்ணோடு சேர்ந்து அமுங்கிப் போகும். பாலம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஒரு படி உண்டாகிவிடும். அதற்கு போர்டும் இருக்காது, வெள்ளைக் கோடும் இருக்காது. எந்தப் பாலத்தில் எவ்வளவு தூக்கும் என்பது தினமும் அந்த ரூட்டில் போகும் உங்களுக்குத்தான் தெரியும். டைமிங் நெருக்கடி எனக்கும் புரிகிறது. ஆனாலும் அந்த இடங்களில் மட்டும் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, பின்சக்கரமும் இறங்கிய பிறகு ஆக்சிலேட்டரை மிதியுங்கள். முன்சக்கரம் இறங்கியதுமே மிதித்தால் பின்னால் இருப்பவருக்குத்தான் அடி.

நடத்துநர்களுக்கு: "பின்னால இடம் இருக்கு, உள்ள போங்க" என்று எல்லாரிடமும் சொல்லாதீர்கள். கர்ப்பிணிகள், வயதானவர்கள், ஏற்கெனவே முதுகுவலி உள்ளவர்கள் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் உட்காரட்டும். முன்னால் இருக்கும் இளைஞரைப் பின்னால் மாறச் சொன்னால் பெரும்பாலும் மாறிக்கொள்வார், கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். நடவு வேலை முடித்து ஏறும் பெண்களைத் தனியாகக் கவனியுங்கள். காலையிலிருந்து குனிந்தே இருந்ததால் முதுகெலும்பைப் பிடித்திருக்கும் தசைநார்கள் நீண்டு தளர்ந்திருக்கும். பழைய இறுக்கம் முழுதாகத் திரும்ப அரைமணி நேரம்கூடப் போதாமல் போகலாம். அந்த நிலையில் ஒரு குலுக்கல் மற்றவர்களை விட அவர்களுக்கு அதிகம் ஆபத்து. 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காசு கொடுக்கவில்லை என்பதற்காக யாரும் பின்னால் தள்ளப்படக் கூடாது.

கூன் போட்டு நீண்ட நேரம் உட்கார்ந்து வந்தவருக்கும் தசைநார்கள் இப்படித்தான் தளர்ந்திருக்கும். இறங்கியதும் குனிந்து மூட்டையைத் தூக்கும்போதுதான் பலருக்கும் பிடித்துக்கொள்கிறது. மூட்டையை நீங்களோ படியருகே நிற்பவரோ இறக்கிக் கொடுத்தால் பெரிய உதவி.

இரவில் சென்னைக்குப் போகும் வண்டிகளில் கழுத்துதான் பாடுபடுகிறது. தலை சுமார் 5 கிலோ எடை. தூக்கத்தில் அது முன்னால் தொங்கிக் கிடக்கும்போது திடீர் பிரேக் போட்டால் கழுத்துச் சதை பிடித்துக்கொள்ளும். விளக்கை அணைப்பதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: துண்டைச் சுருட்டிக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்ளலாம், இன்னொன்று இருந்தால் இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். டீக்கு நிறுத்தும்போது டீ வேண்டாதவர்களையும் எழுந்து நாலு எட்டு நடக்கச் சொல்லுங்கள்.

இனி இதைக் கொஞ்சம் மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். குலுக்கலுக்குப் பிறகு ஒருவர் "எழுந்திருக்க முடியவில்லை" என்று கத்தினால், கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தாதீர்கள். உட்கார வைத்து ஆட்டோவில் ஏற்றவும் வேண்டாம். அவர் இருக்கும் நிலையிலேயே அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். கால் மரத்துப் போனாலோ, தன்னையறியாமல் சிறுநீர் போனாலோ கட்டாயம் ஆஸ்பத்திரிதான், தைலம் தேய்த்துப் பார்ப்பதற்கு அங்கே நேரமில்லை.

அப்புறம், ஓட்டுநர்களே, உங்கள் முதுகு. உட்கார்ந்திருக்கும் உடம்பு நொடிக்கு 4 முதல் 8 தடவை வரும் செங்குத்து அதிர்வில்தான் அதிகம் ஆடுகிறது. வண்டியின் அதிர்விலும் அந்த அளவு கலந்திருக்கும். பயணிக்கு அது சில மணி நேரம், உங்களுக்கு வேலை இருக்கும் வரை. பர்ஸைப் பின்பாக்கெட்டில் வைத்து உட்காராதீர்கள், இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். கிளட்ச்சை முழுதாக மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்கும்படி சீட்டை நகர்த்திக்கொள்ளுங்கள். வண்டியை நிறுத்தியதும் குதித்து இறங்க வேண்டாம், கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். சீட் துருப்பிடித்து நகரவில்லை என்றால், பிரேக் கோளாறை எழுதிக் கொடுப்பது போலவே அதையும் டெப்போவில் எழுதிக் கொடுங்கள். சரிசெய்யும் வரை தினமும் எழுதுங்கள்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து ஓர் இயன்முறை மருத்துவர்