உப்புப் பைக்கற்றில் ஒரு திகதி

வெள்ளவத்தை,
கொழும்பு 06

அன்பின் மச்சான்,

போன ஞாயிறு நீ போனில் சொன்ன ஒரு விஷயம் இந்தக் கிழமை முழுக்க மனதுக்குள் கிடந்து உறுத்துகிறது. மகளின் கலியாணப் பேச்சு, வயலுக்குத் தண்ணீர் வந்த கதை எல்லாம் சொல்லி முடித்து, போனை வைக்கப் போகிற நேரத்தில்தான் அதைச் சொன்னாய். கல்லடிப் பாலத்தில் சைக்கிள் மிதிக்கும்போது நெஞ்சு இறுகுகிறதாம், இறங்கி நின்றால் சரியாகிவிடுகிறதாம், வாய்வாக இருக்குமாம். அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

வாய்வு என்று நீயாக முடிவு கட்டாதே மச்சான். உடம்பு வேலை செய்யும்போது இதயத்துக்குக் கூடுதலாக இரத்தம் வேண்டும். அதைக் கொண்டுபோகிற நாடிகளில் கொழுப்புப் படிந்து ஒடுங்கியிருந்தால் அந்த நேரத்துக்குப் போதாமல் போய் நெஞ்சு இறுகும். நின்று மூச்சு வாங்கினால் தேவை குறையும், இறுக்கமும் குறையும். உனக்கு அதுதான் என்று சொல்ல நான் டொக்டர் இல்லை. ஆனால் இந்தக் கிழமைக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு. ஈசிஜி நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் எழும்பி வந்துவிடாதே. படுத்திருக்கும்போது எடுக்கிற ஈசிஜியில் சில நேரம் ஒன்றும் தெரியாது. 'பாலம் ஏறும்போது வருகிறது, நின்றால் போகிறது' என்று அப்படியே டொக்டரிடம் சொல்.

என் பெரியண்ணாவும் வாய்வு என்று நினைத்து இரண்டு கிழமையாக ஓமத்தண்ணீர்தான் குடித்துக்கொண்டிருந்தார். பாடையின் மறுபக்கம் நீதானே பிடித்தாய். இதற்குமேல் நான் என்ன சொல்ல.

சரி, என் கதைக்கு வருகிறேன். தை மாதம் கண்ணாடி மாற்றப் போன இடத்தில், பக்கத்து அறையில் சும்மா பிரஷர் பார்த்தார்கள். 168க்கு 102. தலைவலி இல்லை, தலைச்சுற்று இல்லை, முதல் நாள்கூட மூன்றாம் மாடிக்கு அரிசி மூட்டை தூக்கியிருக்கிறேன். பிரஷர் அப்படித்தானாம், உள்ளே இருப்பதைப் பெரும்பாலும் வெளியில் காட்டாது. டொக்டர் குளிசை எழுதித் தந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வீட்டில் ஒரு பைக்கற் உப்பு எத்தனை நாளைக்கு வரும்?" எனக்கும் தெரியவில்லை, மனிசிக்கும் தெரியவில்லை.

அன்று பின்னேரமே புதிதாக 400 கிராம் பைக்கற் ஒன்றை உடைத்து, அதன் மேல் பேனையால் திகதி எழுதி வைத்தோம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டி அளவு. நாங்கள் இரண்டு பேர், அப்படிப் பார்த்தால் பைக்கற் 40 நாள் வர வேண்டும். இருபத்து மூன்றாம் நாள் மனிசி வெறும் பைக்கற்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஆளுக்குக் கிட்டத்தட்ட 9 கிராம். இதில் கருவாடு சேரவில்லை, மாசி சேரவில்லை, ஊறுகாய், அப்பளம், கடைப் பாண் ஒன்றுமே சேரவில்லை. மேசையில் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

அப்புறம் ஒவ்வொன்றாகத் தேடினோம். சோறு வடிக்கும்போது ஒரு கிள்ளு, இடியப்ப மாவுக்கு ஒன்று, சொதிக்கு ஒன்று, சம்பலுக்கு ஒன்று, அதற்கும் மேலே சாப்பாட்டு மேசையில் ஒரு சின்னக் கிண்ணம். முதலில் அந்தக் கிண்ணத்தை எடுத்தோம். சோற்றுக்கு உப்பை நிறுத்தினோம். மீன் குழம்புக்குக் கொறுக்காய்ப் புளியும் மிளகும் கொஞ்சம் கூட்டினோம், சம்பலுக்குத் தேசிக்காய்ப் புளி தாராளம். முதல் கிழமை எல்லாமே சப்பென்று இருந்தது, உண்மைதான். மூன்றாவது கிழமை ஒரு கலியாண வீட்டில் சாப்பிட்டபோது நாக்கு கரித்தது. அன்றைக்குத்தான் நாக்கு பழகிவிட்டது என்று தெரிந்தது. கடைசியாக முடிந்த பைக்கற் 36 நாள் வந்தது. கருவாடு மாதத்தில் ஒரு நாள், அதுவும் ஊறவைத்துக் கழுவித்தான். உன் வீட்டிலும் ஒரு திகதி எழுதி வை மச்சான். தங்கச்சியிடம் நான் சொன்னதாகச் சொல்.

தேங்காயை விடச் சொல்லி உன்னிடம் கேட்க மாட்டேன், மட்டக்களப்பானிடம் கேட்கக்கூடியதா அது. ஆனால் தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டுவது அதுதான். நாங்கள் பொரியலைக் கிழமையில் ஒரு நாளாக்கினோம். முதற்பால் விசேஷத்துக்கு மட்டும், மற்ற நாளில் இரண்டாம் பால் போதுமாக இருக்கிறது. கோப்பையில் பாதிக்கு மரக்கறியும் கீரையும். வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை எல்லாம் இங்கே சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன, உனக்கு வேலியிலேயே நிற்கும். சோடாப் போத்தலில் 2016இலிருந்து நிற வட்டம் போடுகிறார்களே, அதில் சிவப்பு இருந்தால் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி. பேரப்பிள்ளைகளுக்கும் வாங்கிக் கொடுக்காதே.

காலையில் ஐந்தரைக்கு மரைன் டிரைவில் நடக்கிறேன், கிழமைக்கு ஐந்து நாள், ஒவ்வொரு நாளும் 30 நிமிஷம். கிழமைக்கு 150 நிமிஷமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்கிற கணக்கு அப்படிச் சரிவருகிறது. பேசிக்கொண்டு நடக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது, அதுதான் வேக அளவு. ஒரு பக்கம் கடல், நடுவில் தண்டவாளம், முதல் ரயில் போகும்போது காலடியில் நிலம் அதிரும். மேல் மாடி மாஸ்டரும் கூட வருகிறார். அவர் கீழே வந்து நின்று கூப்பிடுவதால்தான் மழைக்கால விடியலிலும் எழும்புகிறேன். தனியாக என்றால் மூன்றாம் நாளே நின்றிருக்கும். ஆனால் நீ டொக்டரிடம் காட்டும்வரை வேகமாக நடக்க வேண்டாம். பாலத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டே போ.

சிகரெட்டை நீ விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. விட்டு ஒரு வருஷத்திலேயே மாரடைப்பு ஆபத்து, தொடர்ந்து புகைப்பவரோடு பார்த்தால் ஏறக்குறையப் பாதியாகிவிடுமாம். இதைப் படித்தபோது உன் முகம்தான் ஞாபகம் வந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நேரில் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று, இதைத் தங்கச்சிக்கும் வாசித்துக் காட்டு. சும்மா இருக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, நின்றும் விடாமல் இருந்தாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ ஓடினாலோ, குளிர் வியர்வை கொட்டினாலோ ஓட்டோ தேடிக்கொண்டு நிற்காதீர்கள். உடனே 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசு வாங்காமல் வரும். உனக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது. சீனிக்காரருக்குச் சில வேளை வலியே தெரியாமல் வியர்வையும் மூச்சு வாங்கலும் மட்டும்தான் வருமாம்.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை உதயதேவியில் வருகிறேன். பின்னேரம் ஸ்டேஷனுக்கு வந்து நில், சைக்கிள் வேண்டாம். வரும்போது ஈசிஜித் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வா. கைகொடுப்பதற்கு முதல் அதைத்தான் கேட்பேன்.

அன்புடன்,
உன் மச்சான்